எச்சில் கிளாரினெட்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கிளாரினெட் வாங்கிவிட்டேன். பாளையங்கோட்டையில் பேண்டு செட் வைத்திருக்கும் லூர்து வீட்டுப் பரணில் கிடந்தது. அவருடைய ஆட்கள் எல்லாரும் சாக்ஸபோனுக்கு மாறிவிட்டார்களாம். பெட்டியைத் திறந்ததும் முதலில் எலிப்புழுக்கை கொட்டியது. பிறகு கறுத்த மரத்தில் துண்டு துண்டாக அது இருந்தது. விரலால் அழுத்துகிற கீகளில் வெள்ளி முலாம் போயிருந்தது, இரண்டு கீ அசையவே இல்லை.

லூர்து ரீட் என்கிற நாணல் சீவலை வாயில் நனைத்து, மவுத்பீஸில் கட்டி ஊதிக் காட்டினார். அப்படியே என்னிடம் நீட்டினார். நானும் அப்படியே வாங்கி ஊதினேன். கல்லூரியில் என்.சி.சி. பேண்டில் இரண்டு வருடம் ஊதியவன். அதன் பிறகு மின்வாரியம், பிள்ளைகள், ஓய்வு. விரல் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. லூர்து மரியாதைக்குச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் நின்றபடியே இன்னொரு தடவை ஊதினேன். அடுப்படியிலிருந்து பிரமு வந்து பார்த்தாள்.

"யாரு வாயில வச்சதோ. பூசை ரூம் பக்கம் கொண்டு போயிராதீக."

இந்த வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சித்திரையில் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குக் குரல் அடித்தொண்டையில் இறங்கிவிட்டது. மேல் ஸ்தாயி சுத்தமாகப் போய்விட்டது. நரம்பு தேறினால் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். இந்தத் தெருவில் பாட்டுப் பிரமு என்றால்தான் அவளைத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டி போடுவேன். இப்போது பெட்டி பீரோவுக்கு மேலே இருக்கிறது.

நான் கிளாரினெட் வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நான் குளிக்கப் போன நேரத்தில் பிரமு மவுத்பீஸைக் கழற்றி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்துவிட்டாள். எச்சில் போக வேண்டுமாம். குழந்தைகளின் பால் புட்டியை இப்படித்தானே கொதிக்க வைத்தோம் என்றாள். அது ஒரு மாதிரி ரப்பர். வெந்நீர் பட்டாலே ஆகாதாம், யூடியூபில் பிறகுதான் பார்த்தேன். கருகருவென்று இருந்தது பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிட்டது. அடுப்படி முழுக்க டயர் எரிந்த நாற்றம். வளைந்துபோய்விட்டதால் ரீட்டும் அதன்மேல் படியவில்லை.

முன்பென்றால் வீடு இரண்டாகியிருக்கும். இப்போது நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்று சொல்ல வேண்டும், தொண்டையை வருத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகையால் இந்த வீட்டில் சண்டைக்கும் வழியில்லை. மாடிக்குப் போய்க் காயாத துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இட்லி. பேச்சில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சிலிண்டர் வந்தது. மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். மதியம் கிளாரினெட்டை முழுக்கப் பிரித்தேன். ஒவ்வொரு திருகையும் எடுத்த இடம் மறக்காமலிருக்க அட்டையில் குத்தி வைத்தேன். விரல் வைக்கிற துளைகளின் மேல்விளிம்பில் எல்லாம் பழுப்பாகக் கெட்டி அழுக்கு ஏறியிருந்தது. பிரமுவின் கொண்டை ஊசியால் அத்தனையையும் நோண்டி எடுத்தேன். உள்ளே நல்லெண்ணெய் தடவித் துடைத்ததும் மரம் பளபளவென்று ஆயிற்று. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

சாயங்காலம் அடுத்த வீட்டு மதினி வந்தாள். ஆவுடையம்மாள், காலமான என் அண்ணனின் மனைவி. நவராத்திரி பற்றிப் பேச ஆரம்பித்தாள். "ஏளா பிரமு, இந்த வருசம் எத்தனை படி?" என்று கேட்டதற்குப் பிரமு, கொலுவே இல்லை, தான் எந்த வீட்டுக் கொலுவுக்கும் போகப் போவதும் இல்லை என்று சொல்லிவிட்டாள். மதினி என்னைப் பார்த்தாள். நான் திருகைப் பார்த்தேன்.

காரணம் கேட்கத் தேவையில்லை. கொலு பார்க்க வந்தவளை ஒரு பாட்டுப் பாடாமல் யாரும் அனுப்புவதில்லை. சுமாராகப் பாடுகிறவளையே விடமாட்டார்கள். பிரமுவை விடுவார்களா?

ஆகஸ்ட் 29, வியாழன்

மதுரையிலிருந்து கூரியரில் புது மவுத்பீஸும் ஒரு பெட்டி ரீட்டும் பேடுகளும் வந்தன. பேடு என்பது கீயின் அடியில் ஒட்டுகிற சின்ன மெத்தை. துளையை அதுதான் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அதன்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் மாட்டுக் குடலில் எடுப்பதாம். இது பிரமுவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

அரக்கை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி, பேடுகளை ஒட்டினேன். கட்டைவிரல் பொத்துவிட்டது. ஒட்டியதில் பாதி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நாளை மறுபடி எடுத்து ஒட்ட வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் அங்கே போய் உட்காரத் தோன்றுகிறது. சாப்பிடும்போதுகூட இடது கை விரல்கள் தொடையில் துளை தேடுகின்றன.

மூத்தவள் பெங்களூரிலிருந்து போன் பண்ணினாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். கீழே ஒரு கீ மட்டும் காற்று ஒழுகுகிறது என்று சொன்னேன். அப்பா, அம்மா எப்படி இருக்கிறாள் என்று மறுபடி கேட்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முழுதாகப் பூட்டி ஊதினேன். சத்தம் வந்துவிட்டது. நல்ல சத்தம். கூடத்தில் ஆரம்பித்துப் பின்கட்டு வரைக்கும் போனது. என்.சி.சி.யில் ஊதிய பழைய மார்ச் ஒன்றை ஊதினேன். பிறகு மோகனத்தில் சரளி வரிசை. எங்கேயோ பிசிறியது. பழக்கம் போதாது, வந்துவிடும்.

ஒன்றை எழுதத்தான் வேண்டும். வீடு அமைதியாக இருப்பதால் நன்றாகக் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டேன். எழுதியபின் இந்த வரியை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இந்த வீட்டில் இத்தனை காலம் ஒரு சத்தத்துக்குத்தான் இடம் இருந்தது. அந்தச் சத்தம் பெரிய சத்தம், அழகான சத்தம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் சத்தம் எது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

செப்டம்பர் 11, புதன்

காலையில் மாடியில், மதியம் கூடத்தில், சாயங்காலம் மறுபடி மாடியில். எவ்வளவு ஊதினாலும் காந்தாரம் சேரவில்லை. உதட்டைத் தளர்த்தினேன், இறுக்கினேன். ரீட்டை மாற்றினேன். கீழே வந்தால் பிரமு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு இதில் அக்கறை இல்லை. நல்லதுதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டாவது காபியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் நிறுத்தாமல் பேசினாள்.

"வாங்கிட்டு வந்த அன்னைக்கு ஒரு தடவ ஊதினீகள்லா, அப்ப காந்தாரம் நல்லாத்தான் இருந்துது. இப்ப ஏறிக் கெடக்கு. ரிஷபமும் லேசா ஏறிருக்கு. அழுக்குன்னு என்னத்தையோ நோண்டி எடுத்தீகளே, அது என்னது?"

அழுக்குத்தான் என்றேன்.

"அழுக்கு எல்லா ஓட்டையிலயும் மேப்பக்கம் மட்டுமா ஒட்டும்?"

அன்று விரித்துப்போட்டு நோண்டிய செய்தித்தாள் குப்பைக் கூடைக்கு அடியில் கிடந்தது, அதில் கொஞ்சம் உதிரி மிச்சம் இருந்தது. நகத்தில் வைத்துத் தேய்த்தேன். மெழுகு. முன்னால் இதை வாசித்த யாரோ ஒரு புண்ணியவான், நம் பாட்டு சுருதிக்குச் சேர வேண்டும் என்று துளை துளையாக மெழுகு வைத்து இறக்கியிருக்கிறான். நான் சுத்தம் பண்ணியிருக்கிறேன். அவள் மவுத்பீஸைச் சுத்தம் பண்ணினாள், நான் மற்றதைச் சுத்தம் பண்ணினேன். குடும்பமாகச் சேர்ந்து அந்த வாத்தியத்தை ஒரு வழி பண்ணிவிட்டோம்.

நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி வந்தேன். நான் ஒரு பொட்டு மெழுகை விளிம்பில் ஒட்டி ஊதுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்", "கூடிட்டு", "எடுங்க" என்பாள். மதியச் சமையல் மறந்துபோனது. ஒரு கட்டத்தில் காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதற்காக அவளே வாயைத் திறந்தாள். குரல் பாதியில் உடைந்து காற்றாகப் போய்விட்டது. தொண்டையில் கை வைத்தபடி இருந்தாள். பிறகு பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

காந்தாரம் பிடிபடாமல் மறுபடி இழுபறி. திடீரென்று பிரமு கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே ஊதிப் பாத்தாத்தான் தெரியும்."

என் எச்சில் சொட்டச் சொட்டக் கொடுத்தேன். கழுவவில்லை. முந்தானையால்கூடத் துடைக்கவில்லை. அப்படியே வாயில் வைத்துவிட்டாள். முதல் இரண்டு தடவை காற்றுத்தான் வந்தது. மூன்றாவது தடவை ஒரு சத்தம் வந்தது, அடித்தொண்டைச் சத்தம், நீளமாக. அவளுடைய மூச்சு பாட்டுக்காரியின் மூச்சு என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். அது முடியவே இல்லை. மெழுகு எங்கே எவ்வளவு என்று உடனே சொல்லிவிட்டாள். காந்தாரம் சேர்ந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

சந்தையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தால் ரீட் ஈரமாக இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

நான் பென்ஷன் ஆபீஸுக்குப் போன நேரத்தில் மறுபடி. இன்று மவுத்பீஸே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? ஒரு கிளாரினெட்தானே.

செப்டம்பர் 26, வியாழன்

ரேஷன் கடைக்குப் போகும்போது ரீட் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். வரிசையில் நின்றபோது அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அறுபது வயது ஆளுக்கு இது நன்றாகவா இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. இருந்தாலும் பெட்டியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் பிரமு துவையல் அரைத்துக்கொண்டே, ரீட்டைக் காணோமே என்றாள். நான், அப்படியா, தேடிப் பார்க்கிறேன் என்றேன். என் சட்டைப் பையைப் பார்த்தாள். பெட்டி துருத்திக்கொண்டு தெரிந்தது. மறுபடி மிக்ஸியைப் போட்டாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இனிமேல் எழுதாமல் மறைப்பதில் அர்த்தமில்லை. இன்று தெருமுனை வரைக்கும் போய்விட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். என் வீட்டுக்கு நானே திருடன் போல. பிரமு கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆனந்தபைரவி வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் தடுமாறத்தான் செய்தது. சில இடத்தில் கீச்சென்று கத்தியது. ஆனால் அது ஆனந்தபைரவி. நான் ஒரு மாதமாக ஊதுவது எதுவும் எதுவாகவும் இல்லை. அவள் பத்து நாளில் பாடுகிறாள். பாடுகிறாள் என்றுதான் எழுத வருகிறது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மறுபடி தெருமுனைக்குப் போய், செருப்புப் போட்டு, சத்தம் கேட்கும்படி இருமிக்கொண்டு வந்தேன். நான் உள்ளே வரும்போது பெட்டி மூடியிருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. குறுக்குத்துறையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தால், பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்கியிருக்கிறது. கொலு உண்டாம். ஐந்து படி. என்னைத்தான் பலகை அடுக்கச் சொன்னாள். மதினிக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு உண்டா என்று ஜாடையில் கேட்டாள். விஜயதசமி அன்றைக்கு உண்டு என்றாள் பிரமு. அதுவரை சுண்டல் மட்டும்.

எப்படி உண்டு, எதை வைத்து உண்டு என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகையில் கைவிரல் நசுங்கியது. வலித்ததைவிடச் சத்தமாகவே கத்தினேன்.

அக்டோபர் 7, திங்கள்

கடலைப் பருப்புச் சுண்டல். பதினொரு பெண்களுக்கு வெற்றிலை பாக்கு. எல்லாரும் போகும்போது, அன்னைக்கு வந்துருதோம் பிரமு, என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் அவர்களுக்குச் செருப்பு எடுத்து வைக்காத குறை.

மதியம் அவளுக்கு எதிரிலேயே எடுத்து ஊதினேன். வேண்டுமென்றே நெடுநேரம் ஊதினேன். உதடு மரத்துப்போனது. மோகனம் முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் பரவாயில்லைதான்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூசை. இன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, வாசிக்கக் கூடாது. புத்தகங்களோடு கிளாரினெட்டையும் பட்டுத் துணியில் வைத்துவிட்டாள். கீக்குள் சந்தனம் போய்விடப் போகிறது என்று நான் பதறியதைக் கேட்கவில்லை, பொட்டு வைத்தாள். இதை எழுதினது தப்பு. நிறுத்துகிறேன்.

அக்டோபர் 12, சனி

விடிந்ததும் பூசை ரூம் வாசலில் போய் நின்றேன். விஜயதசமி காலையில் வாத்தியத்தை எடுக்கிறவன் வாசிக்க வேண்டும். அதாவது யாருடைய வாத்தியமோ அவன். பிரமு குளித்து ஈரத் தலையோடு வந்து, சூடம் காட்டி, நேராகக் கிளாரினெட்டுக்குக் கையை நீட்டினாள்.

"அது என்னுது" என்றேன்.

என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ ரொம்ப நாள் கழித்து ஒரு ஆளைப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"இத்தன வருசத்துல ஒண்ணையாவது என்னுதுன்னு சொன்னீகளே" என்றாள். எடுத்து என் கையில் கொடுத்தாள். "வாசிங்க. கேக்கேன்."

சொன்னபடியே தரையில் உட்கார்ந்தாள். நான் மோகனத்தை வாசித்தேன். அது சுமார். மார்ச்சை வாசித்தேன், அது அதைவிடச் சுமார். ஓரிடத்திலும் அவள் திருத்தவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. எனக்கு எதிரில் ஒருத்தி உட்கார்ந்து நான் முடிக்கிற வரைக்கும் கேட்டது என் வாழ்க்கையில் இன்றுதான். முடித்ததும், மூச்சு மட்டும் அவசரப்படுது என்றாள். பிறகு தோசை வார்க்கப் போனாள். கிளாரினெட் என் மடியில்தான் இருந்தது. அவள் கேட்கவே இல்லை. பகல் முழுக்க நான் அதைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. இடம் போதாமல் சில பேர் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். சுண்டல் ஆயிற்று, தாம்பூலம் ஆயிற்று. மதினி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏளா பிரமு, ஒரு பாட்டு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது போல, நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பிரமு நிதானமாகத்தான் இருந்தாள். "எனக்குத் தொண்டை இல்லக்கா. கிளாரினெட்தான் இருக்கு. அதுவும் அவுகளுது. அவுகளக் கேளுங்க" என்றாள். அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கரகரத்த குரலில் சொன்னாள்.

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசிக்க எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், மோகனம் விரல் நுனியில் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு கூடம் நிறைய ஆட்கள் எனக்கு இனி எப்போது கிடைக்கப் போகிறார்கள்? பெட்டியைத் திறந்து, பூட்டி, ரீட்டை என் வாயிலேயே வைத்து நனைத்துக் கட்டினேன். எழுந்து போய் அவளிடம் கொடுத்தேன்.

"பிரமு வாசிப்பா" என்றேன்.

அவள் வாங்கிக்கொள்ளாமல் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

பழக்க தோஷத்தில் நான் பீரோ பக்கம் போய்ச் சுருதிப் பெட்டியை இறக்கினேன். மதினி என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, "நீ உக்காரு கோமதி" என்று என் பேரைச் சொல்லி அதட்டிவிட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன்.

ஆனந்தபைரவி. இரண்டு இடத்தில் கீச்சிட்டது, ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே இறங்கி அங்கேயே நெடுநேரம் நின்று, மெல்ல மெல்ல ஏறி, சித்திரைக்குப் பிறகு அவளால் போக முடியாமல் போன மேல் ஸட்ஜத்தைத் தொட்டது. தொட்டு, நின்றது. எனக்கு அவள் பாட்டென்றால் பெட்டியின் துருத்திதான், எங்கே இழுக்க வேண்டும், காற்றுப் போதுமா என்ற கவலைதான். கையில் ஒன்றுமில்லாமல் நான் அவளைக் கேட்டதே இல்லை. இவ்வளவு நன்றாகப் பாடுகிறவளோடா இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்?

அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். எல்லாரும் பார்த்தார்கள்.